ஒரே அளவு

மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், ஐயா. எனக்கில்லை, உங்களுக்குத்தான் வேர்க்கிறது. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கொல்லையில் இருபத்தாறு வருஷமாகக் கீரை போடுகிறவள் நான். சாணமும் சருகும் சுமந்து, கட்டிக்களிமண்ணைப் பொலபொலவென்று ஆக்கினேன். கொழுந்தன் நேற்று முளைத்தவன். மாடியில் கூடாரம் போட்டு, வெள்ளைக் குழாய்களில் உரத்தண்ணீரை ஓடவிட்டு, மண்ணே இல்லாமல் வளர்த்தான். என் கீரைக்கு நாற்பது நாள், அவனுடையதற்கு இருபத்தெட்டு. செலவாகும் தண்ணீரும் சொற்பம். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

எனக்குப் பொறுக்காதது அவன் வாய். கடைக்காரர்கள் வந்தால் என் நகக்கண் மண்ணைக்கூடக் காட்டிச் சிரிப்பான். "அண்ணி கீரைய நாலு தடவ அலசணும், புழு வேற இலவசம். என்னோடத அப்படியே வாயில போடலாம்." என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். கடைசியில், பாத்தியைச் சிமெண்டு போட்டு மூடி அங்கேயும் குழாய் வைப்பதென்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வயசாச்சில்ல அண்ணி, ஓய்வெடுங்க" என்றான். இரண்டு பேருக்கும் தேநீர் ஆற்றிக் கொடுத்தேன்.

சரி, ஒப்பிட்டே பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. பூச்சிமருந்தை அளந்து, பாதியை என் பாத்தியில் ஊற்றினேன். பாதியை அவன் குழாய்களுக்குத் தண்ணீர் போகிற தொட்டியில். ஒரு சொட்டுகூடக் கூடுதல் குறைவு இல்லை. ஓரவஞ்சனை எனக்குப் பழக்கமில்லை, ஐயா. மண், கெட்டதை வாங்கித் தன் வயிற்றுக்குள் அமுக்கிக்கொள்ளும். தண்ணீருக்கு அந்தக் குணம் கிடையாது. கொடுத்ததை அப்படியே இலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். உங்கள் சோதனைச்சாலைக்காரர்களும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

நாலாம் நாள் கடைக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் எதிரில் கொழுந்தன் ஒரு கொத்துப் பறித்து மென்றான். அவன் மகளும் கைநிறையப் பறித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"பெரியம்மா, உங்களுக்கு?"

"நீ சாப்பிடு கண்ணு. பெரியம்மாவுக்கு மண்ணுக்கீரைதான் பிடிக்கும்."

ஆஸ்பத்திரிக்குப் போன இருவரும் திரும்பவில்லை.

அவள் வாயைத் திறந்தபோது ஏன் தடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். தடுக்கத்தான் கை நீண்டது, ஐயா; நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. ஆனால் பாதியில் நிறுத்தினால் ஒப்பீடு சரியாக வராதே.