மூக்கைத் திருப்பி வைத்த விமானங்கள்

பலெர்மோவில், பலாரோ சந்தைக்கு அருகே பஸ்ஸுக்காக நின்ற இரண்டு பெண்களில் மூத்தவர் திடீரென்று சொன்னார்: "இனி அந்தப் பிளேனுகளுக்கு நான் தூசு தட்ட மாட்டன்."

"ஆரின்ரை பிளேன், அக்கா?"

"நான் வேலை செய்யிற வீட்டம்மா, அந்தச் சிஞ்ஞோராவின்ரை மனுசன்ரை. அந்தாள் அமெரிக்கன். அங்கை ஒரு மாநிலத்தின்ரை விமானக் காவல் படையிலை இருந்ததாம். அலுமாரி நிறைய விளையாட்டுப் பிளேன். நான் துடைக்கத் துடைக்கப் பக்கத்திலை நிண்டு படையின்ரை சரித்திரம் சொல்லும். இது வெள்ளத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனதாம், இது காட்டுத்தீக்குத் தண்ணி ஊத்தினதாம், இது சண்டைக்குப் போனதாம். ஒவ்வொரு நாளும் இதே கதை!"

"கேட்டிட்டு விடுங்கோவன்."

"கேக்கிறன்தானே. ஆனா மூக்கு என்ரை பக்கம் பாத்தா எனக்கு வேலை ஓடாது. எல்லாத்தையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைச்சிட்டன். அதுக்கு நேற்று அந்தாள் ஒரே சத்தம்."

"ஏனெண்டு சொன்னீங்களே?"

"சொன்னனான். சண்டை நேரம் ஊரிலை பிளேன் எங்கட பக்கம் மூக்கைத் திருப்பினா, குண்டு விழ முன்னம் பங்கர்க் குழிக்குள்ளை ஓடுவமெண்டு. அதுக்கு அந்தாள், 'அது எங்கட பிரிவு இல்லை' எண்டு சொல்லுது."

பஸ் வந்தது. படியில் கால் வைத்தபோதும் அவர் விடவில்லை.

"பங்கருக்குள்ளை கிடந்தவளுக்கு எந்தப் பிரிவெண்டு ஆர் வந்து சொன்னது?"