வளைவில் காத்திருந்தவர்கள்

கொஞ்சம் பொறுங்க... நம்ம மார்க்கெட் சங்கத் தீர்மானத்துக்குக் கை தூக்கப் போறீங்க, தெரியுது. கையைக் கீழ வச்சுட்டு ஒரு குட்டிக் கதையைக் கேளுங்க. அப்புறம் தூக்குறதா வேண்டாமான்னு நீங்களே பாத்துக்கங்க.

நான் சைக்கிள் விக்கிறவன். பஞ்சர் ஒட்டி மேல வந்தவன். மலை ஏறுற கியர் சைக்கிளை என்கிட்ட நாலு வியாபாரிங்க வாங்கினாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா மஞ்சூர் மலை ஏறுவாங்க. வளைவுக்கு மேல வளைவு. தலைவர் சென்னியப்பன், டைல்ஸ் கடைக்காரர். தொடை ரெண்டும் தேக்குக் கட்டை. கடைசியாச் சேர்ந்தவர் திருமூர்த்தி. தையல் சாமான் கடை, அம்பதை நெருங்குற வயசு. "நான் மட்டும் கல்லாவுலயே உட்கார்ந்து தொப்பை வளர்க்கணுமா?"ன்னு கிளம்பி வந்தவர்.

அவங்களுக்குள்ள ஒரு சட்டம். முன்னால போறவங்க ஒவ்வொரு வளைவுலயும் நிக்கணும். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் கிளம்பணும். யாரையும் விட்டுட்டுப் போகக் கூடாது. நல்ல சட்டம்தானே? கேட்டா யாருக்கும் நல்ல சட்டமாத்தான் தெரியும்...

அன்னைக்குத் தூறல். மேகம் ரோட்டுலயே இறங்கி நிக்குது. முதல் வளைவுல மூணு பேரும் நிக்கிறாங்க. தண்ணி குடிச்சாச்சு. கடலை மிட்டாய் தின்னாச்சு. போட்டோவும் எடுத்தாச்சு. அப்புறம் வர்றாரு திருமூர்த்தி... முகம் வெளுத்து, மூச்சு இரைக்க.

"வாங்க மாப்பிள்ளை! சைக்கிளை ஓட்டிட்டு வர்றீங்களா, உருட்டிட்டு வர்றீங்களா?"

சிரிச்சாரு. ஒரு காலை ஊனினாரு. பாட்டிலை எடுத்தாரு.

"வந்தாச்சுல்ல? கிளம்பலாம்!"

எடுத்த பாட்டில் எடுத்த இடத்துக்கே போயிருச்சு.

அடுத்த வளைவு... இதே கூத்து. அதுக்கடுத்த வளைவு... இதே கூத்து.

"ஒரு நிமிஷமுங்க..."

"மேல போய் சாவகாசமா உட்காரலாம் மாப்பிள்ளை! உங்களுக்காகத்தானே இவ்வளவு நேரம் நின்னோம்!"

இதைக் கேட்டப்புறம் ஒரு மனுஷன் எந்த வாயால "இன்னும் நில்லுங்க"ன்னு கேப்பான்? சொல்லுங்க?

பாதி மலைக்கு மேல ஒரு வளைவு. நிக்கிறாங்க... நிக்கிறாங்க... ஆளைக் காணோம். "மஞ்சூர்ல நமக்குப் போட்ட டீ ஆறிப் போயிரும்பா"ன்னு ஒருத்தர் கிண்டல். கொஞ்ச நேரத்துல அந்தச் சிரிப்பும் நின்னுருச்சு. கீழ இறங்கிப் பாத்தா, ரோட்டோரக் கட்டைச் சுவர்ல சைக்கிள் ஒழுங்கா சாத்தியிருக்கு. பக்கத்துல திருமூர்த்தி சாய்ஞ்சு உட்கார்ந்திருக்காரு. கையில பாட்டில். மூடி திறக்கலை.

உசுரு இல்லை.

அந்த மலையில அவர் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான்.

எழவு வீட்டுல திருமூர்த்தி சம்சாரத்துக்கிட்ட சென்னியப்பன் கதறுறாரு. "அம்மணி, ஒவ்வொரு வளைவுலயும் அவருக்காக நின்னோம். ஒரு இடத்துலகூட விட்டுட்டுப் போகலை அம்மணி!"

அந்தம்மா நிமிந்து பாத்துச்சு.

"நீங்க நின்னீங்க அண்ணா, சரி... அவரு எங்க நின்னாரு?"

இதை என் கடைப் படியில உட்கார்ந்து சென்னியப்பனேதான் சொன்னாரு. சொல்லிட்டு, அவர் சைக்கிளையும் அங்கேயே விட்டுட்டுப் போயிட்டாரு. விலைக்குக் கேக்குறாங்க. வித்துப் பொழைக்கிறவன் நான்... அதை விக்க மட்டும் மனசு வரலை.

இப்ப நம்ம விஷயத்துக்கு வாங்க. இந்தப் புது மார்க்கெட்டுக்கு நாம முதல்லயே வந்துட்டோம். காலை ஆட்டிக்கிட்டு இளைப்பாறியாச்சு. அந்தக் கடைசி வரிசைக் கடைக்காரங்க போன மாசம்தான் வந்தாங்க. ஷட்டருக்குப் பெயிண்டுகூட இன்னும் காயலை. அதுக்குள்ள எல்லாரும் பொங்கலுக்கு முன்னாடி கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டாகணும்னு தீர்மானம்! கேட்டா, "உங்களுக்காகத்தானே இத்தனை நாள் பொறுத்தோம்"ங்கிறோம். பொறுத்தோம், வாஸ்தவம். அந்த நேரத்துல இளைப்பாறினது யாரு? நாம. அவங்க அப்பவும் மிதிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க.

வந்தவன் உட்காரணும். தண்ணி குடிக்கணும். "போலாமா"ங்கிறதை அவன் சொல்லணும்... நாம இல்லை.

இப்பத் தூக்குங்க பாப்போம், கையை.