சிவப்பு எல்லைக்குப் புதுசா வர்றவனுக்கு

அதெல்லாம் எனக்கு வேணாம் தம்பி. நீ வேற எந்த விளையாட்டுல எந்த ராஜாவா இருந்த, எத்தனை பேரை வெட்டிச் சாய்ச்ச, அதையெல்லாம் அங்கயே வச்சுக்கோ. இங்க நீ நேத்துப் பொறந்த குழந்தை. பேரு மட்டும் புயல்னு வச்சுட்டா ஆச்சா? பச்சை எல்லையில முயல் அடிக்கப் போயி செத்திருக்க, எனக்குத் திரையில தெரியுது. முயல்கிட்ட செத்த புயலை இப்பத்தான் பாக்குறேன். சிரிக்காத. நான் சிரிக்கச் சொல்லல.

என் பேரு உனக்கு எதுக்கு? இங்க எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க, நீயும் அப்படியே கூப்பிடு. என் மைக்குல பின்னாடி கடகடன்னு கேக்குறது சலவை மெஷின். சலவைக்கடை வச்சிருக்கேன். லாட்ஜுக்காரங்க போட்டுட்டுப் போன பெட்ஷீட் கூரை வரைக்கும் குவிஞ்சு கிடக்கு, அதுக்கு நடுவுல ஒரு ஸ்டூலு, ஒரு கம்ப்யூட்டரு, நானு. இந்தக் கில்டுக்கு, விளையாட்டுல ஒண்ணாச் சேந்து சண்டை போடுற எங்க கூட்டத்துக்கு, நான்தான் தலைவி. என்னைத் தாண்டி ஒரு ஈ காக்கா உள்ள வர முடியாது. அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டுட்டு உன்கூட மாரடிச்சுக்கிட்டு இருக்கேன்.

ஏய், கேள்வி கேக்குறது நானு. உன்னைச் சேத்துக்குற வரைக்கும் நீ பதில்தான் சொல்லணும். வந்து உக்காந்ததுலேருந்து பஞ்சு பஞ்சுன்னு அரிச்சு எடுக்குற. பஞ்சு இன்னிக்கு வருவாங்களா, பஞ்சு எந்த வாய்ஸ் ரூம்ல பேசுவாங்க, பஞ்சு யார்கூடச் சேந்து போவாங்க. புதுசா வர்றவன் கத்தி எங்க கிடைக்கும் கவசம் எங்க கிடைக்கும்னு கேப்பான். நீ எங்க வைத்தியக்காரியக் கேக்குற. சண்டையில அடிபட்டவனுக்கெல்லாம் ஓடி ஓடிக் கட்டுப் போடுறவ அவ, அதான் அந்தப் பேரு. அவ எங்க உசுரு தம்பி. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன். முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் சொல்லலைன்னு சொல்லாத.

சும்மாதான் கேட்டியா? சரி, சும்மாவே இருக்கட்டும்.

இப்ப காதைத் தீட்டி வச்சுக்கிட்டுக் கேளு. பச்சை எல்லையில செத்தா தூசியத் தட்டிட்டு எழுந்து போயிடலாம். சிவப்பு எல்லையில செத்தா கையில இருக்குறது, மேல போட்டிருக்குறது, பையில இருக்குறது அத்தனையும் கொன்னவனுக்குத்தான். கோமணத்தோட நிப்ப. மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சும்மாவா சொன்னாங்க? போனாப் போகட்டும்னு விடக்கூடியதை மட்டும் எடுத்துட்டு வா. போன தடவை சேந்தவன் ஒருத்தன், பேங்குல வேலை பாக்குறவன், முதல் நாளே தகதகன்னு தங்கக் கவசம் மாட்டிக்கிட்டு வந்தான். எல்லை வாசல்லயே உரிச்சு எடுத்துட்டாங்க. மைக்குல தேம்பித் தேம்பி அழுதான். நாங்க ஆறுதலும் சொன்னோம், மைக்கை மூடிக்கிட்டுச் சிரிச்சும் தொலைச்சோம். பாவம்தான்.

அப்புறம், முதல் நாளே ஓடி வந்து உனக்குப் பரிசு குடுக்குறவனை நம்பிடாத. குழைஞ்சு பேசுறவன்தான் கழுத்தை அறுப்பான். கொஞ்சம் முன்னாடி நீ குழைஞ்ச பாரு, அக்கா உங்க குரலு ரொம்பக் கம்பீரமா இருக்குன்னு. என் குரலைப் பத்தி எனக்குத் தெரியும், மெஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தித் தேஞ்சு போனது.

நாற்காலி நகர்ற சத்தம் கேக்குது, எங்க எழுந்திரிக்கிற? தண்ணியா? ஒரு வாய்த் தண்ணிக்கு அலையிறவன் சிவப்பு எல்லையில என்ன பண்ணப் போற? உக்காரு. பேச்சு நடுவுல எழுந்தா அப்படியே வெளிய, மறுபடி வாசப்படி மிதிக்க முடியாது. ஹெட்செட்டைக் கழட்டக் கூடாது, மைக்கை அணைக்கக் கூடாது. உனக்குன்னு போட்ட சட்டம் இல்ல, எல்லாருக்கும்தான். எதிரி கில்டுக்காரன் ஆளை அனுப்பிட்டுப் பக்கத்துல உக்காந்து பதில் சொல்லிக் குடுப்பான், அதைக் கேட்டுப் பிடிக்கத்தான் இது. உன் பக்கத்துல யாரு இருக்கா? யாரும் இல்லையா? வீட்டுலயே யாரும் இல்லையா? தனி ஆளா? ம்... சரி. தனி ஆளுன்னே எழுதிக்கிறேன்.

கோவிச்சுக்காத. பஞ்சு யார்கூடப் போவான்னு கேட்டல்ல, சொல்றேன். லாரின்னு ஒருத்தன் இருக்கான், எங்க கேடயக்காரன். அவன்தான் எப்பவும் அவ பக்கத்துல நிப்பான். அவ மேல ஒரு அம்பு பட விட மாட்டான். சண்டை இல்லாதப்பவும் ரெண்டு பேரும் தனி ரூம்ல போய்ப் பேசிக்கிட்டே இருப்பாங்க. பாரு, உன் மூச்சு சூடேறுறது இங்க வரைக்கும் கேக்குது. உனக்கென்ன வந்துச்சு தம்பி? அவன் யாரு, எந்த ஊருன்னு எல்லாம் எனக்குத் தெரியும். சொல்றேன், கடைசியில சொல்றேன். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்.

அதுக்கு முன்னால எல்லை வாசலைப் பத்திக் கேட்டுக்கோ. சிவப்பு எல்லையிலேருந்து சரக்கை வெளிய கொண்டு வர்றதுதான் கஷ்டம். வாசல்ல ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருப்பான். அவனை அடிச்சு ஜெயிக்க முடியாது, நம்மளவிட பலசாலி. அப்ப என்ன பண்ணணும்? அவனுக்கு எது மேல வெறியோ அதைத் தூரத்துல காட்டணும். ஒருத்தர் நின்னு வம்பு இழுக்கணும், திட்டணும், சீண்டணும். அவன் அந்தப் பக்கம் திரும்பி நின்னு கத்திக்கிட்டு இருக்குற நேரத்துல... ஒரு நிமிஷம் இரு.

ஒண்ணுமில்ல. ஏதோ சத்தம் கேட்டுச்சு. உனக்குக் கேக்கலையே? சரி விடு. இங்கதான் ஏதோ இருக்கும்.

ஷ்... அம்மாடி. தொண்டை காஞ்சு போச்சு. நான் தண்ணி குடிச்சுக்குறேன், நான் தலைவி, நான் குடிக்கலாம்.

இனிமே பஞ்சு கதையையே சொல்றேன். அதுக்குத்தானே வந்த? அவ வந்த புதுசுல வாயே தொறக்கல. எல்லாம் எழுத்துதான். ஊமையோன்னு நினைச்சுட்டோம். ஒரு நாள் என்னை நாலு பக்கமும் சுத்தி வளைச்சுட்டாங்க, நான் செத்தேன்னு முடிவு பண்ணிட்டேன். அப்ப காதுல ஒரு குரல், அக்கா குனிங்கன்னு. அவ்வளவுதான். வீட்டுல ஆள் இல்லாதப்பவும் பக்கத்து அறையில யாருக்கோ கேட்டுடும்னு பயந்து பேசுற குரலு அது. எனக்குப் புரிஞ்சுடுச்சு. பொம்பளைக்குப் புரியாம வேற யாருக்குப் புரியும்?

ரத்தம் சோதிக்கிற லேபுல வேலை பாத்த பொண்ணு அவ. கல்யாணம் ஆனதும் வேலையை விடுன்னான் புருஷன். விட்டா. அப்புறம் சிநேகிதிகளை விடுன்னான். அப்புறம் மாடியில துணி காயப் போடக் கூடாது, எதிர் வீட்டுல ஆம்பளை இருக்கானாம். போனை அவன் பையில போட்டுக்கிட்டு, வாசலை வெளியில பூட்டிக்கிட்டுத்தான் வேலைக்குப் போவான். அக்கம் பக்கத்துல கேட்டா தங்கமான மனுஷன், அதிர்ந்து பேச மாட்டார்னு சொல்வாங்க. தங்கம்! தூ. மூலையில ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்துச்சு, அதை மட்டும் மறந்துட்டான். அவ அது வழியாத்தான் எங்ககிட்ட வந்தா. நாங்கெல்லாம் பொழுது போகலைன்னு ஆபத்தைத் தேடி வர்றவங்க. அவ இந்தக் கொலைகாரக் கும்பலுக்கு நடுவுல வந்து உக்காந்துதான் நிம்மதியா மூச்சு விட்டா.

என்னது? பொய்யா? அப்படியெல்லாம் இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ அவங்க வீட்டுச் சுவத்துல பல்லியா?

உக்காருடா. லாரி விலாசம் வேணுமா வேண்டாமா? வேணும்ல? அப்ப மூடிக்கிட்டுக் கேளு.

ஒரு நாள் அந்தப் புருஷன் வேலையிலேருந்து சீக்கிரம் வந்துட்டான். கண்டுபிடிச்சுட்டான். யாருடி அவன்னு கேட்டுக் கேட்டு, அவ கை கீபோர்டு மேல இருக்கும்போதே அந்த கீபோர்டோட சேத்து அடிச்சான். விரலு வீங்கிப் போச்சு. இந்த அடிபட்டவனுக்கெல்லாம் கட்டுப் போட்ட பொண்ணு, தன் விரலுக்குக் கிழிஞ்ச தலையணை உறையைச் சுத்திக்கிட்டா. அப்புறம் அவனே புது கீபோர்டு வாங்கிட்டு வந்தான். எதுக்குன்னு நினைக்கிற? தானும் உள்ள நுழைஞ்சு அந்தக் கள்ளக் காதலனைக் கையும் களவுமாப் பிடிக்கிறதுக்கு. பாஸ்வேர்டு போட்டு வச்சான். தன் பேரையே பாஸ்வேர்டா வைக்கிற ஜென்மம்னு கட்டிக்கிட்டவளுக்குத் தெரியாதா? அவன் பூட்டிட்டுப் போனதும் விளையாட்டுல அவன் வச்சிருந்த பேரைப் பாத்துட்டு, அதே புது கீபோர்டுல, நல்லா இருக்குற விரலை வச்சு, அவ எனக்கு எழுதினா. அக்கா, புயல்னு ஒருத்தர் வருவார், சேத்துக்காதீங்கன்னு.

நான்தான் சொன்னேன், சேத்துக்குறேனோ இல்லையோ, கூப்பிட்டு உக்கார வைக்கிறேன்னு.

இப்ப ஏன் கத்துற? கத்து, நல்லாக் கத்து, மைக்கு உடையட்டும். நான் யாருன்னா கேக்குற? சலவைக்காரி. கெட்ட வார்த்தை எனக்குப் புதுசு இல்ல, லாட்ஜுக்காரங்ககிட்ட இதைவிட நல்லதாவே கேட்டிருக்கேன். உன் பல்லை நறநறன்னு கடிக்கிற சத்தம் எனக்கு இனிப்பா இருக்கு. நீ எனக்குப் புதுசு, உன் வீடு எனக்குப் பழசு. அந்த ஃபிரிட்ஜு நிக்கும்போது ஒரு தடவை உடம்பைக் குலுக்கி நிக்குமே, அதை அவ மைக்குல எத்தனை நாளா கேட்டிருக்கேன். இன்னிக்கு உன் மைக்குலயும் அதேதான் குலுங்குச்சு. தனி ஆளாம், வீட்டுல யாரும் இல்லையாம். கட்டின பொண்டாட்டி அடுத்த அறையில இருக்கும்போது வாய் கூசாமச் சொன்ன. இப்ப வேணா அதை உண்மைன்னு வச்சுக்கலாம்.

சரி, சொன்னபடி லாரி விவரத்தைச் சொல்லிடுறேன், நான் வாக்கு மாற மாட்டேன். லாரின்னா நிஜமாவே லாரி ஓட்டுறவரு. அறுபதை நெருங்குறாரு, முழங்கால்ல வலி, பேத்தி இருக்கா. தனி ரூம்ல மணிக்கணக்கா அவகூடப் பேசினது அவரும் அவரு சம்சாரமும். எங்க வீட்டுல ஒரு அறை காலியாத்தான் இருக்கு, வந்துடும்மான்னு கெஞ்சினாங்க. அவளும் வர்றேன்னுதான் சொன்னா. எப்படி வர்றது? மத்த நாள்ல நீங்க பூட்டிட்டுப் போயிடுவீங்க. பூட்டு திறந்திருக்குறது நீங்க வீட்டுல இருக்குற ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான், அன்னிக்கும் கூடத்துல வாசலை மறிச்சு சோஃபாவைப் போட்டு டிவி பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்களாம். உங்களை அந்த சோஃபாவுலேருந்து கிளப்பி, உள் அறையில காதை அடைச்சு உக்கார வைக்க ஒரு ஆள் வேணும்ல?

நீங்கன்னுதான் சொல்றேன். அவ என்னை அக்கான்னு கூப்பிடுறா, அப்ப நீங்க எனக்கு மாப்பிள்ளை முறை ஆச்சே. இத்தனை நேரம் மரியாதை இல்லாமப் பேசிட்டேன், மனசுல வச்சுக்குங்க, நல்லா வச்சுக்குங்க. எங்க கில்டுல முன்னால நின்னு கோடாலி வீசுறவரு ஒரு வக்கீலு. அவ விரலை எக்ஸ்ரே எடுக்க அவரே கூட்டிட்டுப் போறாரு, மிச்சத்தை நீங்க அவருகிட்டப் பேசிக்கலாம்.

அப்ப ஒரு சத்தம் கேட்டுச்சுன்னேன்ல, அது உங்க வாசக்கதவு. மெல்லத்தான் சாத்தினா, ஆனாலும் கீல் கிறீச்சுன்னுச்சு. உங்க மைக்கு எடுத்துச்சு, உங்க ஹெட்செட்டு விடல. இதோ என் போனுக்கு லாரி ஒரு படம் அனுப்பியிருக்காரு. காரோட பின் சீட்டுல, அவரு சம்சாரம் தோள்ல சாஞ்சு பஞ்சு தூங்குறா.

நாற்காலிய ஏன் தள்ளுறீங்க, மெதுவா எழுந்திரிங்க மாப்பிள்ளை. அவங்க ஊர் எல்லையைத் தாண்டியாச்சு.