சனிக்கிழமைப் பயிற்சி

பயிற்சிக்கு நான் ஒருநாளும் பிந்திப் போனதில்லை. என்ன பனியெண்டாலும் பத்து நிமிசம் முந்தியே மைதானத்திலை நிப்பன். இதை நான் நொர்வேஜிய மொழியிலும் சொல்லலாம். முப்பத்திரண்டு வருசமா ஒஸ்லோவிலைதான் இருக்கிறன். ஆனா ஒழுங்காச் சொல்லவேணுமெண்டால் எனக்குத் தமிழ்தான். நீங்கள் அதிகாரி அம்மாவுக்கு மொழிபெயர்க்கேக்கை கூட்டிக் குறைக்க வேண்டாம் பிள்ளை.

என்ரை பேர் பிலேந்திரன். இஞ்சை ஒரு கல்லூரி உதைபந்தாட்ட அணிக்கு ஒன்பது வருசம் தலைமைப் பயிற்சியாளரா இருந்தனான். நான் பொறுப்பெடுக்கேக்கை அது கடைசிப் பிரிவிலை கிடந்த அணி. நாலு வருசத்திலை ரெண்டு பிரிவு மேலை கொண்டுவந்தனான். அதுக்கு முக்கிய காரணம் கஜரூபன். நடுக்களத்திலை அவனைப்போலை ஒருத்தனை நான் பாத்ததில்லை. இறுதியாட்டத்துக்கு முதல்நாள் அவன்ரை வலது முழங்கால் வீங்கிப் போச்சு. வைத்தியர் ஆடவேண்டாம் எண்டவர். நான் ஆடு எண்டனான். ஆடினவன். வெண்டனாங்கள். பெடியள் என்னைத் தோளிலை தூக்கினவங்கள்.

அதோடை அவன்ரை ஆட்டம் முடிஞ்சுது. சத்திரசிகிச்சை நடந்த அண்டைக்கு ஆசுப்பத்திரியிலை அவனுக்குப் பக்கத்திலை இருந்தது நான்தான். பிறகு உதவிப் பயிற்சியாளரா என்னோடை சேர்த்தனான்.

கடைசி ரெண்டு வருசமும் எங்களுக்குச் சரிவரேல்லை. திரும்பவும் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினம். மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை நிர்வாகக் குழு கூப்பிட்டுப் பூங்கொத்துத் தந்தது. எங்கட தொழிலிலை பூங்கொத்துத் தந்தால் போ எண்டு அர்த்தம். அணியைக் கஜரூபனுக்குக் குடுத்திட்டினம். பெடியளுக்குத் திங்கட்கிழமை அறிவிக்க இருந்தவை.

சனிக்கிழமை காலமை பூட்டுத் திறப்புகளை அவனிட்டைக் குடுக்கப் போனனான். சாமான் வைக்கிற கொன்ரெய்னரின்ரை கதவு ஐஸிலை இறுகிக் கிடந்தது. பக்கத்திலை கிடந்த இரும்பு அலவாங்காலை இடிச்சுத் திறந்தனான். பந்துகளுக்குக் காத்தடிச்சு வெளியிலை வைச்சம். கொன்ரெய்னருக்குள்ளை நிண்டு அவன் மரியாதையாத்தான் கதைச்சவன்.

"அண்ணை, இது நான் கேட்டு எடுத்ததில்லை. நீங்கள் விட்டிட்டுப் போகாதேங்கோ. எனக்கு உதவியா நில்லுங்கோ."

எனக்குக் கோவம் வரேல்லை. அதையும் எழுதச் சொல்லுங்கோ. அலவாங்கு கையிலை இருந்தது. முதல் அடி வலது முழங்காலுக்கு. எந்தக் கால் தாங்காது எண்டு எனக்குத் தெரியும். விழுந்தவன் "அண்ணை, கால்" எண்டான். பிறகு தலைக்கு மூண்டு அடி. அலவாங்கைப் பனியிலை குத்தித் துடைச்சிட்டுக் கதவைப் பூட்டினனான்.

பதினொரு மணிக்குப் பெடியள் வந்தவங்கள். கஜரூபனுக்குக் காய்ச்சல் எண்டு சொல்லி ஒண்டரை மணித்தியாலம் பயிற்சி குடுத்தனான்.

அவன் ஒரு மணித்தியாலத்துக்கு மேலை உயிரோடை கிடந்தது எனக்குத் தெரியுமோ எண்டு அதிகாரி அம்மா கேக்கிறா. ஓம், தெரியும். உள்ளுக்கிருந்து தகரத்திலை தட்டிற சத்தம் கேட்டது. மெல்லமா, விட்டு விட்டு. கோல் காக்கிற நிதுசன் அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தான்.

"கோச், அங்கை ஆரோ தட்டுகினம்."

"குளிருக்கு இரும்பு சுருங்கிற சத்தம். நீ பந்தைப் பார்."

பயிற்சியை இடையிலை நிப்பாட்டிற பழக்கம் எனக்கில்லை. கடைசிப் பதினைஞ்சு நிமிசம் சத்தம் ஒண்டும் கேக்கேல்லை.

அண்டைக்குப் பெடியள் ஓடின ஓட்டத்தை நீங்கள் பாத்திருக்க வேணும். ரெண்டு வருசத்திலை அப்பிடியொரு பயிற்சி நடக்கேல்லை. என்ரை கைத்தொலைபேசி பொலிஸிட்டைத்தான் இருக்கு. ஒருக்காத் திறந்து பாக்கச் சொல்லுங்கோ பிள்ளை. வாற கிழமை ஆட்டம் இருக்கு, கஜரூபனும் இல்லை. கல்லூரி நிர்வாகம் என்னைக் கூப்பிட்டிருக்கும்.