தூக்கம் வர்ற பல்பு

அதான் கேக்கறேன், எந்த பல்பு போட்டா தூக்கம் வரும்? டாக்டர் மாத்திரை தர மாட்டேன்னுட்டாரு. மொதல்ல ரூம் லைட்ட மாத்துங்க பெரியவரேன்னு அனுப்பிட்டாரு. அதுக்குத்தான் தம்பி உன்னக் கூப்பிட்டது. ஏணி ஆடும், ஓரமாப் போடு.

மஞ்சளா? சரிதான். வெள்ள லைட்டு தூங்க விடாதுன்னு நீ எனக்குச் சொல்லித் தர வேணாம். முப்பது வருஷம் கோழிப் பண்ணையில வேல பார்த்தவன் நான். கறிக்கோழிக் கொட்டாய்ல விடிய விடிய லைட்டு எரியும். இருட்டுனா கோழி தூங்கிடும், தூங்கினா தீனி எடுக்காது. அணைக்காம விட்டா தின்னுக்கிட்டே கெடக்கும். சிலது தீனித் தட்டுலயே செத்துக் கெடக்கும். காலையில அதப் பொறுக்கிப் போடறதும் என் வேலதான்.

பகல்லயே எதுக்கு லைட்டுங்கறியா? எதுத்தாப்ல நிக்குது பாரு செவரு, எங்க அண்ணன் கட்டினது. அப்பா வீட்ட ரெண்டாப் பிரிச்சதும் மொத வேலையா மாடி எழுப்பினான். ஒரு முழம் தள்ளிக் கட்டுண்ணேன்னு கால்ல விழாத குறையாக் கேட்டேன். கேக்கல. இருவது வருஷமா இந்த ரூமுக்கு வெயில் கிடையாது. என் பொண்டாட்டி இந்த இருட்டுலயே இருமி இருமிப் போய்ச் சேந்தா. மறப்பனா நான்?

அந்த ஃபோகஸ் லைட்டா? நான் மாட்டினதுதான். அண்ணன் படுக்கற ரூம் ஜன்னலப் பார்த்துத் திருப்பி வெச்சேன். என் வெளிச்சத்த அடைச்சவனுக்கு வெளிச்சத்துல குறை வைக்கலாமா? ரெண்டு வருஷம். போர்வையக் கட்டிப் பார்த்தான், அட்டைய ஒட்டிப் பார்த்தான். வேற எங்க போய்ப் படுப்பான்? கீழ் வீட்ட வாடகைக்கு விட்டுட்டான், அவனுக்கு இருந்தது அந்த ஒரு ரூம்தான். அண்ணி வந்து கேட்டாங்க. அவரு மர மில்லுல ரம்பத்துக்கிட்ட நிக்கற மனுஷன், தூக்கமே இல்ல, கொஞ்சம் திருப்பி வைங்க தம்பின்னு. திருட்டு பயம் அண்ணின்னு சொல்லி அனுப்பிட்டேன்.

என்ன? அந்த வெளிச்சம் செவுத்துல பட்டு எனக்கேதான் திரும்புதா? தெரியுமே. ரெண்டு வருஷமா என் மூஞ்சிலயும்தான் அடிக்குது. நல்லாத்தான் தூங்கினேன். இந்த ஒன்றரை மாசமாத்தான் இப்படி.

அண்ணன் ரம்பத்து மேல விழுந்ததுலேருந்து. நின்னபடியே கண்ணு சொருகிடுச்சுன்னு கூட வேல பார்த்தவன் சொன்னான்.

அணைக்கலாம். யாரு இல்லேன்னா? அந்தப் பக்கம் இப்ப அண்ணி மட்டும்தான். ஆனா இப்பப் போய் அணைச்சா, ஏன் இப்ப அணைச்சீங்கன்னு கேப்பாங்கல்ல.

நீ மஞ்சளையே மாட்டு தம்பி.