செல்வப்பிரியாவைக் கடித்த பாம்பு

பதினோராயிரத்து நானூற்று எழுபத்தைந்து நாள்கள்!

அத்தனை நாளும் உடும்பஞ்சோலை மலையில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே நிற்கும் நம் சிறிய மருத்துவமனையில், மழையென்றும் மூடுபனியென்றும் பாராமல், முகம் சுளிக்காமல், முணுமுணுக்காமல் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் தலைமைச் செவிலியரே! கனிவும் கண்டிப்பும் கலந்த கைகளுக்கு உரியவரே! எங்கள் அன்பு சிசிலி அம்மையார் அவர்களே! வணக்கம்.

நாள்களைக் கூட்டிக் கணக்கிட்டவர் மருந்தாளுநர் மிக்கேல்ராஜ். "லீவக் கழிச்சியாலே?" என்று கேட்டீர்கள். "நீங்க எங்க லீவு போட்டீங்க சிஸ்டர், நான் கழிக்கிறதுக்கு?" என்றார் அவர். சிரித்தீர்கள். சிரித்து முடித்ததும் எங்களிடம் ஒரு நிபந்தனை வைத்தீர்கள்.

"புகழ்ச்சிய ரெண்டு பத்தியில முடிச்சிருங்க. மிச்சத்துல ரிஜின் கதைய எழுதுங்க. அவனும் அவன் மாமியாரும் வந்து உக்காந்த பிறகு வாசிங்க. சட்டம் போட்டு எங்கிட்ட தர வேண்டாம், வார்டு சுவத்துல மாட்டுங்க."

வந்திருக்கிறார்கள், அம்மையாரே. ஜீப் ஓட்டுநர் ரிஜின் இடப்பக்கம், சுவரோரமாக. அவர் மாமியார் செபமாலையம்மாள் வலப்பக்கம், பேத்தி ஜிஸ்மியை மடியில் வைத்துக்கொண்டு.

முதலில் புகழ். ஊசிக்கு அழும் பிள்ளையிடமும் பொய் சொல்லாதவரே! "வலிக்கும்டே. மூணு எண்ணு, போயிரும்" என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவீர்கள். கங்காணி வார்டு வாசலில் நின்று "எப்ப வேலைக்கு வருவா?" என்று கேட்டால், "நீ வந்து அவ கட்டில்ல படுத்துக்கோ, இப்பவே அனுப்புறேன்" என்று திருப்பி அனுப்பியவரே! பிரசவத்துக்கு வந்தவர்களின் காலைப் பிடித்துவிட்டவரே! பிணத்துக்கும் தலை வாரிவிட்டு அனுப்பியவரே!

தாங்கள் பணியில் சேர்ந்தபோது இங்கே கண்ணாடி ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்தார்கள். இன்று ரத்த நோய்க்கு மரபணுவையே திருத்துகிறார்கள், மலேரியாவுக்குக் குழந்தைகளுக்கான தடுப்பூசி வந்துவிட்டது, எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க ஆண்டுக்கு இரண்டே ஊசி என்கிறார்கள். இவற்றையெல்லாம் மதிய உணவின்போது மிக்கேல்ராஜ் கைபேசியில் வாசிப்பார். தாங்கள் சோற்றைப் பிசைந்தபடி கேட்பீர்கள். பாம்பு என்ற சொல் வந்தால் மட்டும் கை நிற்கும். பல ஆண்டுகள் வேண்டுமென்றே பாம்புக்கடி வாங்கிய ஒருவரின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள் எடுத்து, அதைக்கொண்டு எலிகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று ஒரு நாள் வாசித்தார். "எந்தப் பாம்புக்கு?" என்றீர்கள். "நாகம், கட்டுவிரியன் வகைக்கு, சிஸ்டர்." கணினியில் வடிவமைத்த புரதம் நஞ்சை முடக்குகிறது என்று இன்னொரு நாள் வாசித்தார். "எந்தப் பாம்புக்கு?" "அதுவும் நாகத்துக்குத்தான்." தட்டோடு எழுந்து போய்விட்டீர்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும்.

இனி ரிஜின்.

மூன்று மழைக்காலங்களுக்கு முன், ஆகஸ்ட் மாதம், ஒரு முற்பகல். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், சருகோடு சருகாகக் கிடக்கும் சரத்தில் காய்க்கும். காய் எடுப்பவர் குனிந்து சருகுக்குள் கை விட்டே ஆக வேண்டும். ரிஜினின் மனைவி செல்வப்பிரியா கை விட்டார். சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடந்தது கடித்தது.

ஆள்களை இறக்கிவிட்டு ஜீப்பில் சாய்ந்து நின்ற ரிஜின் சத்தம் கேட்டு ஓடினார். "ஒண்ணுமில்ல மச்சான். எரியுது, அவ்வளவுதான்" என்றார் செல்வப்பிரியா, விரலை இறுக்கிப் பிடித்தபடி. ஜீப் கூப்பிடு தூரத்தில்தான் நின்றது. சாவியும் அதிலேயே இருந்தது.

"பாம்பக் கொண்டு போனாத்தான் பாத்து மருந்து போடுவாங்க" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். இந்த மலையில் அப்போது எல்லோரும் அப்படித்தான் நம்பினோம். ரிஜினுக்கும் அது சரியாகவே பட்டது. எது கடித்தது என்று தெரியாமல் எதைக் கொடுப்பார்கள்? மனைவியை ஜீப்பில் உட்கார வைத்துவிட்டுக் கம்பால் சருகைக் கிளறினார். ஒவ்வொரு செடியின் தூராகப் பார்த்தார். பிரியா இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் "இந்தா வந்துட்டேன்" என்றார் ரிஜின். அதன் பிறகு கூப்பிடும் சத்தம் இல்லை. வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. நாற்பது நிமிடம் தேடி, அடித்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார். மூடும்போது மனதுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் பிறகு அவரால் மன்னிக்க முடியவில்லை.

மருத்துவமனையில் அவர் முதலில் நீட்டியது டப்பாவை. தாங்கள் திறந்து பார்த்தீர்கள். ஒரு முழம்கூட இல்லாத பழுப்புப் பாம்பு. மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கியிருந்தது. "தெரியுதா சிஸ்டர்?" என்றார். "தெரியுது" என்று மூடிவிட்டீர்கள்.

செல்வப்பிரியாவின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைத்தோம். அதற்குள் உறைந்திருக்க வேண்டும். சாய்த்தபோது தண்ணீராக ஓடியது. வாசலில் தோட்டமே திரண்டு நின்று "ஊசி போடுங்க, ஊசி போடுங்க" என்றது. மருத்துவர் தங்களைப் பார்த்தார். தாங்கள் அவரைப் பார்த்தீர்கள். மருந்து ஏறத் தொடங்கியது. அன்றே மலையிறக்கிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். சிறுநீரகம் வேலை செய்யாமல் போயிற்று. டயாலிசிஸ் செய்தார்கள். ஒன்பதாம் நாள் செல்வப்பிரியா இறந்தார். வயது இருபத்தேழு.

அடக்கம் முடிந்த மறுநாள் ரிஜின் தங்கள் மேசை முன் வந்து நின்றார். "நாப்பது நிமிசம், சிஸ்டர். அவ கூப்பிட்டா. நான் தேடிக்கிட்டிருந்தேன்." தாங்கள் அவர் தோளில் கை வைத்தீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நாங்களும் சொல்லவில்லை.

பிறகு தங்கள் பாம்புக்கடி வகுப்புகள் தொடங்கின. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கெல்லாம் போனோம். பாம்பைத் தேடாதே, இறுக்கிக் கட்டாதே, கீறாதே, நேரே மருத்துவமனைக்கு வா. நல்ல பாடம், சரியான பாடம். முதல் வகுப்பிலேயே ரிஜின் எழுந்தார். யாரும் அழைக்கவில்லை. "என்னையப் பாத்துக்கோங்க. பொண்டாட்டி கூப்பிடக் கூப்பிடப் பாம்பு தேடுனவன் நான். நீங்க தேடாதீங்க." அடுத்த வகுப்புக்கு நாங்களே அவரை அழைத்தோம். அதற்கடுத்ததற்கும் அழைத்தோம். அவர் ஜீப்பிலேயே போய் வந்தோம்.

பலன் இருந்தது. கண்ணாடிவிரியன் கடித்த டின்சியை அரை மணிக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். மருந்து ஏறியது, பிழைத்தாள், இப்போது கல்லூரியில் படிக்கிறாள். "ரிஜின் சொன்னது காதுலயே நின்னுச்சு" என்றார் அவள் தகப்பனார். தங்களுக்குப் பாராட்டும் சால்வையும் வந்தன. அந்தப் பெருமையில் எங்களுக்கும் பங்கு கிடைத்தது. ஒரு மனிதர் தன்னைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளாமல் எங்கள் வகுப்பு நடக்காது என்று ஆகிவிட்டது.

ஒரு வகுப்புக்குச் செபமாலையம்மாளும் வந்திருந்தார். தேடியது நாற்பது நிமிடம் என்று அன்றுதான் அவருக்குத் தெரியவந்தது. எழுந்து நின்றார். "பாம்பக் கண்டுபிடிச்சிட்டியேடா! ஒனக்கு மெடல் குத்தச் சொல்லவா? எம்மவ எங்க?" என்று கேட்டார். அன்று மாலையே ஜிஸ்மியைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போனார். ஞாயிறுதோறும் கோயிலில் பூசை முடிந்து மகள் வெளியே வரும்போது ரிஜின் எதிர்ச்சாரியில் நின்று பார்க்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிடும் உரிமை தனக்கு இல்லை என்று அவர் நினைக்கிறார். மாமியார் செய்தது நியாயம் என்றும் நினைக்கிறார்.

இந்த மடலின் கடைசியில் வரும் தங்கள் சொற்களை எழுத வேண்டாம் என்று நாங்கள் வாதாடியது உண்மை. "ஜனங்க மறுபடியும் பாம்பு தேடப் போயிருவாங்க சிஸ்டர். வகுப்பு கெட்டுப்போகும்" என்றார் மிக்கேல்ராஜ். "டின்சி கதையச் சொல்லி நடத்துலே. செத்தவள வச்சுப் பாடம் எடுத்தது போதும்" என்றீர்கள்.

அம்மையாரே! வாழ்த்தையும் கையொப்பத்தையும் இங்கேயே வைத்துவிடுகிறோம். கடைசி வரிகள் எங்களுடையவை அல்ல. முழங்கால் வலி தணிந்து, மூச்சு சீராகி, மகன் வீட்டில் பேரப்பிள்ளைகள் சூழ, நிறைந்த உடல்நலத்தோடு நெடுங்காலம் வாழ்க! சாப்பிட உட்கார்ந்தால் யாரும் வந்து எழுப்பாத நாள்கள் இனியேனும் தங்களுக்கு வாய்க்கட்டும்!

தங்களோடு நின்றவர்கள்,
மருத்துவர், செவிலியர், மருந்தகம், ஆய்வகம், சமையல், துப்புரவுப் பிரிவுகளின் ஊழியர் அனைவரும்.

இனி தங்கள் சொற்கள். தாங்களே எழுந்து சொல்வதாகத்தான் இருந்தீர்கள். பிறகு, "பாதில நின்னுட்டா என்ன செய்ய? எழுதிருங்க. நான் அவன் பக்கத்துல போய் நிக்கிறேன், நீங்க வாசிங்க" என்றீர்கள். தாங்கள் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் வாசிக்கிறோம்:

"ரிஜினு, செபமாலை, ரெண்டு பேரும் கேளுங்க. நம்ம ஆசுபத்திரில இருக்குற விஷமுறிவு ஊசி நாலு பாம்புக்குத்தான். டப்பாவத் தொறந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, டாக்டருக்கும் தெரிஞ்சுபோச்சு. அந்த நாலுல அது இல்ல. ரிஜினு, நீ அந்த நிமிசமே ஜீப்ப எடுத்துட்டு வந்திருந்தாலும் நாங்க அதே ஊசியத்தான் போட்டிருப்போம், அது கேட்டிருக்காது. பிரியாவக் கடிச்ச பாம்புக்கு அன்னைக்கும் மருந்து இல்ல, இன்னைக்கும் இல்ல."