ஆளில்லாத அறையில் ஏர்கான்

மின்சாரம் மிச்சமாகட்டும் என்று கைப்பேசி சார்ஜரைப் பிடுங்கி வைத்துவிட்டு, விசிறியை ஓடவிட்டுப் பஸ் ஏறுகிற புத்திசாலி நான். கோத்தா திங்கியிலிருந்து ஜொகூர் பாரு போகும் அந்தப் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும்.

“யாரும் இல்லாத ரூமுக்கு எதுக்கு ஏர்கான்? அதுக்கு மீட்டர் மாட்டி போன்ல பார்த்தப்புறம்தானே தெரியுது, தினம் மத்தியானம் ஓடுதுன்னு.”

“மூடியே கெடந்தா பூஞ்சை புடிக்குதுங்க. பாப்பா சட்டையெல்லாம் வாடை அடிக்குது. சிங்கப்பூர்ல வேலை பாக்குற பொண்ணு, சொல்லிட்டா வர்றா? இன்னிக்குக்கூட காலையிலதானே போன் போட்டு, கூட்டிட்டுப் போக வாங்கன்னா?”

“அதுக்கு ஜன்னலைத் தொறந்து வையேன் லா. காத்து சும்மாதானே வருது.”

“சரி, இனிமே தொறந்து வைக்கிறேன்.”

உலு திராம் தாண்டியதும் அந்த அம்மாள் கணவரின் கைப்பேசியை எட்டிப் பார்த்தார்.

“அலமாக்! இப்பவும் ஏர்கான் ஓடுதுன்னு காட்டுதுங்க. சத்தியமா நான் போடல.”

“நான்தான் போட்டுட்டு வந்தேன்,” என்றார் அவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. “பிள்ளை வேர்த்துப்போயி வரும். ரூம் குளுகுளுன்னு இருக்கட்டும்.”

என் வாய் சும்மா இருக்கவில்லை. “அண்ணே, அப்ப இது மட்டும் வேஸ்ட் இல்லையா?”

அந்த அம்மாள்தான் திரும்பினார்.

“எங்க வீட்டு ஏர்கான் ஓடினா உங்களுக்கு ஏன் வேர்க்குது?”